கார்த்திகைக்குள் வெள்ளி: வாசகர் கேள்வி–பதில்

பிரகாசமான கோள் ஒன்று மங்கலான நெபுலாவின் (விண்வெளியில் வாயுவும் தூசியும் சேர்ந்த முகில்) பக்கத்தில் வந்து நிற்கும் இரவுகளைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்கவே ஒரு வாரம் ஆனது. ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறியிருக்கிறார்கள்: படத்தில் கோளின் ஒளி நெபுலாவை விழுங்கிவிடுகிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, கோளும் நெபுலாவும் ஒரே ஃபிரேமில் வரும் இரவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன். மூன்று நிமிட எக்ஸ்போஷரில் (கேமரா ஒளி சேர்க்கும் நேரம்) இருபது படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு வெள்ளைப் பந்து, நெபுலா இருந்த இடமே தெரியவில்லை. நேரத்தைக் குறைத்தால் கோள் சரியாகிறது, நெபுலா காணாமல் போகிறது. என்னதான் செய்வது?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது 2012 ஏப்ரல் 3-ஆம் தேதி அப்படியே கண்முன் வந்து நின்றது. அன்று மாலை வெள்ளி கார்த்திகைக் கூட்டத்துக்குள் வந்திருந்தது. வெறுங்கண்ணுக்கே அத்தனை அழகு. கார்த்திகை மீன்களைச் சுற்றி மெல்லிய நீலத் தூசிமுகில் ஒன்று உண்டு. நெடுநேரம் ஒளி சேர்த்தால்தான் படத்தில் தெரியும். அதுவும் வெள்ளியும் ஒரே படத்தில் வேண்டும் என்ற ஆசையில் எல்லாவற்றையும் நாலு நிமிட எக்ஸ்போஷராகவே எடுத்துக்கொண்டு போனேன். கம்ப்யூட்டரில் திறந்தபோது, வெள்ளிக்கு அருகில் இருந்த மீன்கள்கூட அந்த வெள்ளைக்குள் போய்விட்டிருந்தன. போதாததற்கு லென்ஸ் முகப்பில் பனி படிந்திருந்தது. இருட்டில் அதை நான் கவனிக்கவே இல்லை. ஒரு படமும் தேறவில்லை. வெள்ளி மறுபடி அங்கே வர எட்டு வருடம் ஆகும் என்பது தெரிந்ததால் அன்று அழுகையே வந்துவிட்டது.

எவ்வளவு பெரிய வித்தியாசத்தோடு மோதுகிறோம் என்று முதலில் பார்த்துவிடலாம். அப்போது வெள்ளியின் பிரகாச எண் மைனஸ் நாலரை அளவில் இருந்தது. கார்த்திகையிலேயே பிரகாசமான மீனான அல்சியோனிக்கு 2.9. இந்தக் கணக்கில் எண் சிறுக்கச் சிறுக்கப் பிரகாசம் கூடும். எண்ணில் 5 குறைந்தால் ஒளி 100 மடங்கு. ஆக அல்சியோனியைவிட வெள்ளி எண்ணூறு மடங்குக்கும் மேல் பிரகாசம். கூட்டத்தின் மூத்த மீனுக்கே இந்த நிலை என்றால், அதைச் சுற்றியுள்ள முகிலைச் சொல்லவே வேண்டாம். 14 பிட் கேமரா ஒரு பிக்சலில் 16,384 படிநிலைகளைத்தான் பிரித்துச் சொல்லும். இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் பிடிக்க எந்தக் கேமராவாலும் ஆகாது. உங்கள் கை மேல் குற்றமில்லை.

ஆகவே பல நீளங்களில் எடுக்க வேண்டும். 2020 ஏப்ரல் 3 அன்று நான் எடுத்த விதத்தைச் சொல்கிறேன். 400 மி.மீ. லென்ஸ், வானத்தோடு சேர்ந்து நகரும் மவுண்ட் (கேமராவைத் தாங்கும் பீடம்), ஐஎஸ்ஓ எனப்படும் கேமராவின் ஒளியுணர்வு அளவு 800. நெபுலாவுக்கு 60 விநாடியில் ஐம்பது படம், நடுத்தர மீன்களுக்கு 10 விநாடியில் இருபது, பிரகாசமான மீன்களுக்கு 1 விநாடியில் இருபது, வெள்ளிக்கு மட்டும் 1/1000 விநாடியில் நாற்பது. அந்தக் கடைசி வரிசையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வெறும் பன்னிரண்டு பிக்சல் அகலத்தில் வெள்ளி அரைநிலா வடிவத்தில் நின்றது. அந்த வாரங்களில் அதன் பாதி மட்டுமே நமக்கு ஒளிபெற்றுத் தெரிந்தது. 2012-இல் வெள்ளைப் பந்தாக மட்டுமே பார்த்த அதே கோள். எவ்வளவு நேரம் திரையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன் என்று நினைவில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மூன்று நிமிடத்தை மூன்று ஒரு நிமிடமாகப் பிரித்தால் கோளைச் சுற்றிய ஒளிப்பரவல் குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். குறையாது. நெபுலாவின் ஒளி எவ்வளவு சேர்கிறதோ அதே விகிதத்தில்தான் பரவலும் சேரும். பிரிப்பதால் குறைவது, நிரம்பி வழிந்து தகவலே இல்லாமல் போகும் நடுப்பகுதி. அந்த வெள்ளை சுருங்கச் சுருங்க, அதைச் சுற்றிய பரவல் கணக்கிடக்கூடிய ஒரு சரிவாக மாறுகிறது. சரிவைப் பின்னால் கழித்துவிடலாம். வெள்ளையாக நிரம்பிய பிக்சலிலிருந்து எதையும் மீட்க முடியாது. எனவே ஐஎஸ்ஓவை ஏற்றாதீர்கள். நீங்கள் விரும்பும் நெபுலாப் பகுதியை வெள்ளைப் பந்து தொடாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள், படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

பரவலையே குறைக்க வேண்டுமென்றால் அதற்கான வேலை கேமரா மெனுவில் இல்லை. லென்ஸில் தூசியும் விரல் ரேகையும் இருக்கக் கூடாது. பனி படியாமல் முகப்பைச் சுற்றி வெப்பப் பட்டை கட்டுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். மெல்லிய உயர்மேகம் ஓடும் இரவென்றால் நெபுலாவை மறந்துவிட்டுக் கோளையும் மீன்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் டெலஸ்கோப்பில் செவ்வாயைச் சுற்றி ஒரு பெரிய வெளிறிய வட்டம் வருகிறது. விளிம்பு வரைந்தாற்போல் இருக்கிறது. சுத்தம் செய்தும் போகவில்லை. கண்ணாடியை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: அவசரப்பட்டு எதையும் மாற்றாதீர்கள். உங்கள் கண்ணாடி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மேகத்தாலோ அழுக்காலோ வரும் பரவலுக்கு விளிம்பு இருக்காது, மெல்ல மெல்லக் கரைந்து போகும். கூர்மையான விளிம்பு இருந்தால் அது உள்ளே நடக்கும் எதிரொளிப்பு. கோளின் ஒளி சென்சாரில் பட்டு முன்னோக்கித் திரும்பி, வழியில் ஏதோ ஒரு கண்ணாடிப் பரப்பில் மோதி மறுபடி சென்சாரில் வந்து விழுகிறது. கூடுதல் தூரம் பயணப்பட்டதால் ஃபோகஸ் கலைந்து வட்டமாகிறது. உங்களுடையது எதிரொளிப்பு டெலஸ்கோப் என்றால், அந்த வட்டத்துக்குள் இரண்டாம் கண்ணாடியின் நிழல் சின்னக் கறுப்பு வட்டமாகத் தெரியும். அது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

குற்றவாளி எந்தப் பரப்பு என்பதை அந்த வட்டமே சொல்லிவிடும். வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுங்கள், எஃப் எண்ணால் (டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை அதன் வாய் விட்டத்தால் வகுத்து வரும் எண்) பெருக்குங்கள், இரண்டால் வகுங்கள். சென்சாரிலிருந்து அந்தப் பரப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது கிடைக்கும். என் படத்தில் வட்டம் 1,750 பிக்சல் அகலம். ஒரு பிக்சல் 4 மைக்ரான். ஆக 7 மி.மீ. டெலஸ்கோப் எஃப்/5. ஏழை ஐந்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் பதினேழரை மி.மீ. கேமராவைக் கழற்றி ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் ஃபில்டர் உட்கார்ந்திருந்தது. ஃபில்டரின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை, ஒரு பக்கம் அதிகமாகக் கண்ணாடி போல் பளபளக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்தபடி மாட்டியிருந்தேன். திருப்பிப் போட்டு, பளபளப்பு வானத்தைப் பார்க்கும்படி வைத்ததும் வட்டம் தேடிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு மங்கிவிட்டது. செலவு எதுவும் இல்லை, ஐந்து நிமிட வேலை. உங்கள் கணக்கில் ஐந்தாறு மி.மீ. மட்டும் வந்தால் அது சென்சாருக்கு மேலுள்ள காப்புக் கண்ணாடி. அதை நாம் தொட முடியாது, படத்தைச் செப்பனிடும்போதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதோடு ஒன்று. லென்ஸ் வைத்திருப்பவர்கள் கோளைச் சுற்றி முட்கள் போல் கதிர்கள் வருவதாக எழுதியிருக்கிறார்கள். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கும் இதழ்களின் வேலை அது. ஒன்பது இதழ் என்றால் பதினெட்டுக் கதிர், எட்டு இதழ் என்றால் எட்டு. துவாரத்தை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு, லென்ஸ் முகப்பில் விட்டம் குறைந்த வளையம் ஒன்றை மாட்டுங்கள். துவாரம் சுருங்கும், கதிர் வராது.

கேள்வி: குறுகிய அலைவரிசை ஃபில்டர் போட்டால் கோளின் ஒளி அடங்கி நெபுலா மட்டும் தெரியும் என்கிறார்கள். உண்மையா? கார்த்திகைக்கு அதை வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு வேண்டாம். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சம்.

2018 மார்ச்சில் செவ்வாய் தனுசு ராசியில் லகூன் நெபுலாவுக்கும் டிரிஃபிட் நெபுலாவுக்கும் நடுவே புகுந்து போனது. லகூன் தானே ஒளிரும் வாயு. அதன் சிவப்பு ஒளியில் பெரும்பங்கு ஹைட்ரஜன் வெளியிடும் 656.3 நானோமீட்டர் என்ற ஒற்றைக் கோட்டில் வருகிறது. செவ்வாயோ சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த ஒளி எல்லா நிறங்களிலும் விரவிக் கிடக்கும். 7 நானோமீட்டர் அகல ஃபில்டர் வழியே ஹைட்ரஜன் கோடு கிட்டத்தட்ட முழுதாக நுழைந்துவிடும். செவ்வாயின் ஒளியில் ஒரு சின்னக் கீற்று மட்டுமே நுழையும். பலன் கண்கூடாகத் தெரியும். அந்த அதிகாலையில் ஃபில்டர் இல்லாமல் எடுத்த படத்தையும் போட்டு எடுத்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, லகூனின் நடுவே ஓடும் கறுப்புத் தூசிப் பட்டை இரண்டாவதில்தான் துலக்கமாக இருந்தது.

கார்த்திகையின் முகில் வேறு சாதி. அது தானாக ஒளிர்வதில்லை. பக்கத்து மீன்களின் ஒளியைத் தூசி சிதறடிக்கிறது, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்தவர் வெஸ்டோ ஸ்லைஃபர். 1912-இல் லோவெல் வானாய்வகத்தில் கார்த்திகையின் மெரோப்பி மீனைச் சுற்றிய முகிலின் நிறமாலையை, அதாவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை, எடுத்துப் பார்த்தார். வாயுவுக்குரிய பிரகாசக் கோடுகள் எதுவும் அதில் இல்லை. அந்த மீனின் நிறமாலையே அச்சு அசலாக வந்தது. மீனொளியும் எல்லா நிறத்திலும் விரவியது, வெள்ளியின் ஒளியும் அப்படியே. குறுகிய ஃபில்டர் இரண்டையும் சேர்த்தே வெட்டும். கார்த்திகைக்கு உதவுவது இருண்ட வானமும் சுத்தமான லென்ஸும் பொறுமையும்தான்.

அந்த முகில் எவ்வளவு மங்கல் என்று தெரிய வேண்டுமா? கார்த்திகையை மனிதர்கள் எத்தனை காலமாகப் பார்த்து வருகிறார்கள்! மெரோப்பியைச் சுற்றிய முகிலை 1859-இல்தான் வில்ஹெல்ம் டெம்பல் டெலஸ்கோப்பில் கண்டார். மாயா மீனைச் சுற்றியதைக் கண்ணால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1885-இல் பாரிஸில் பால், ப்ராஸ்பர் ஹென்றி சகோதரர்கள் எடுத்த புகைப்படத் தகட்டில்தான் முதலில் தெரிந்தது. புகைப்படம் பிடித்துக் கொடுத்த முகில் அது. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம் வரக் காரணமும் இதுதான்.

கேள்வி: செல்போனில் எடுக்க முடியுமா?
– பலர்

பதில்: கோளும் மீன்கூட்டமும் சேர்ந்து நிற்பதை எடுக்கலாம். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் வைத்து எடுங்கள், அழகாகவே வரும். நெபுலா வராது.

கேள்வி: படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஸ்டாக் செய்தால் நெபுலா நன்றாக வருகிறது, கோள் மட்டும் இழுபட்டுக் கோடாகிறது. அதனால் கோளைத் தனியாக எடுத்து ஒட்டினேன். என் நண்பர் இதை மோசடி என்கிறார். மனம் கேட்கவில்லை.
– இளம் வாசகர்

பதில்: மனம் கேட்காமல் எழுதியதே உங்கள் நேர்மையைச் சொல்கிறது. கோள் இழுபடக் காரணம் எளிது. மவுண்ட் மீன்களைத் தொடர்கிறது, கோளோ மீன்களுக்கு நடுவே நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2020 ஏப்ரலில் வெள்ளி ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்தது. என் படத்தில் அது மணிக்கு ஏறத்தாழ அறுபது பிக்சல். ஒரு நிமிட எக்ஸ்போஷரில் ஒரு பிக்சல்தான், தெரியாது. ஐம்பது படத்தை மீன்களுக்கு நேராக அடுக்கினால் கோடாகிவிடும்.

நான் செய்வது இது. குறுகிய எக்ஸ்போஷர்களைக் கடைசியில் எடுப்பதில்லை, நெடும் வரிசையின் சரிபாதியில் எடுக்கிறேன். கோள் ‘இந்த நேரத்தில் இந்த இடத்தில் இருந்தது’ என்று ஒரு கணத்தைத் தேர்ந்துகொள்வதற்காக. 10 விநாடி, 1 விநாடிப் படங்களில் மீன்கள் இருக்கும், அவற்றை வைத்தே நேராக்கிவிடலாம். 1/1000 விநாடிப் படத்தில் வெள்ளியைத் தவிர ஒன்றுமே இருக்காது. 1 விநாடிப் படத்தில் வெள்ளிப் பந்தின் மையத்தைக் குறித்துக்கொண்டு அதன்மேல் வைக்க வேண்டும். ஒரு பிக்சல்கூட நகர்த்தாமல்.

அதே இரவு, அதே கருவி, கோள் நின்ற அதே இடம். இப்படிச் சேர்த்த படத்தை மோசடி என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணும் அப்படித்தான் பார்க்கிறது; பிரகாசத்தைப் பார்க்கும்போது தன்னைச் சுருக்கிக்கொள்கிறது, இருளைப் பார்க்கும்போது விரிக்கிறது. ஆனால் வேறொரு இரவில் பெரிய டெலஸ்கோப்பில் எடுத்த கோளைக் கொண்டுவந்து பத்து மடங்கு பெரிதாக்கி நெபுலாவின் மேல் வைத்தால், அப்படி ஒரு காட்சி வானத்தில் நடக்கவே இல்லை. அதைச் செய்யாதீர்கள். எதைச் செய்தாலும் படத்தின் கீழே எழுதிவிடுங்கள். என் படத்தின் கீழே நாலு எக்ஸ்போஷர் நீளங்களும் நேரமும் எழுதியிருக்கிறேன், ‘வெள்ளியின் இடம் மாற்றப்படவில்லை’ என்ற வரியோடு.

இன்னொன்றும் சொல்ல ஆசை. கோளின் ஒளிப்பரவலை முழுதாகத் துடைத்துவிடாதீர்கள். போட்டிகளுக்கு வரும் சில படங்களில் வெள்ளி ஒரு சின்னப் புள்ளியாக, பக்கத்து மீனைவிட மங்கலாக நிற்கிறது. பார்த்தவர் யாரும் அதை நம்ப மாட்டார்கள். கொஞ்சம் ஒளி அதைச் சுற்றி இருக்கட்டும். ஒளி நிமிடக்கணக்கில் வந்து சேரும் பக்கத்துக் கோளும், நானூறு ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள முகிலும் ஒரே சட்டத்தில் நிற்பதுதானே இந்தப் படத்தின் உயிர்!

கேள்வி: இப்படிக் கோள்கள் கடப்பதில் விஞ்ஞானிகளுக்கு ஏதாவது பயன் உண்டா?
– பள்ளி மாணவி

பதில்: உண்டு, கண்ணு. ரிஷபத்தில் நண்டு நெபுலா இருக்கிறது. 1054-இல் வானில் தெரிந்த சூப்பர்நோவா வெடிப்பின் எச்சம் அது. 2003 ஜனவரி 5 அன்று சனியின் நிலவான டைட்டன் அதன் முன்னால் நேராகக் கடந்தது. நண்டு நெபுலா எக்ஸ் கதிரில் வெகு பிரகாசம். சந்திரா விண்வெளித் தொலைநோக்கி அந்தப் பிரகாசத்தின் மேல் டைட்டனின் நிழல் ஊர்ந்ததைப் பதிவு செய்தது. அந்த நிழலின் அளவைக் கொண்டு டைட்டனின் வளிமண்டலம் எவ்வளவு தடிமன் என்று கணக்கிட்டார்கள். சுமார் 880 கிலோமீட்டர் வந்தது. நெபுலாவை விளக்காக வைத்துக்கொண்டு ஒரு நிலவின் காற்றை அளந்திருக்கிறார்கள்.

கேள்வி: அடுத்த வாய்ப்பு எப்போது? இப்போதே தயாராக முடியுமா?
– இன்னும் பலர்

பதில்: கோள்கள் சூரியப் பாதையை ஒட்டியே நடக்கும். அதனால் அந்தப் பாதையோரம் உள்ள நெபுலாக்களுக்குத்தான் இந்த விருந்தாளிகள் வருவார்கள். தனுசில் லகூனும் டிரிஃபிட்டும், ரிஷபத்தில் நண்டு, மிதுனத்தில் ஜெல்லிமீன். கார்த்திகை பாதையிலிருந்து நாலு டிகிரி வடக்கே தள்ளி இருக்கிறது. 2021 மார்ச்சில் செவ்வாய் வந்தபோதுகூட இரண்டரை டிகிரி எட்டியே போய்விட்டது. வெள்ளிதான் உள்ளே புகுகிறது. பூமி எட்டு முறை சூரியனைச் சுற்றும் காலத்தில் வெள்ளி ஏறக்குறைய சரியாகப் பதிமூன்று முறை சுற்றிவிடும். அதனால் எட்டு வருடத்துக்கு ஒருமுறை அதே தேதியில் அதே இடத்துக்கு வந்துவிடுகிறது. 2012, 2020, அடுத்தது 2028 ஏப்ரல் தொடக்கம்.

இதில் நிலவின் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 99 சந்திர மாதம் எட்டு வருடத்தைவிட ஒன்றரை நாள் அதிகம். ஆகவே ஒவ்வொரு முறையும் ஏப்ரல் 3 அன்று நிலவு முந்தைய முறையைவிட ஒன்றரை நாள் இளையதாக இருக்கும். 2012-இல் பௌர்ணமி ஏப்ரல் 6. 2020-இல் 8. அந்த இரண்டு இரவுகளிலும் நிலவொளி என் முகிலைப் பாதி தின்றுவிட்டது. 2028-இல் பௌர்ணமி 9-ஆம் தேதி. ஏப்ரல் 3 அன்று நிலவு பாதியைச் சற்றே தாண்டியிருக்கும். பாதி நிலவின் ஒளி முழுநிலவின் ஒளியில் பாதிகூட இல்லை, அதைவிட வெகுவாகக் குறைவு. இந்த மூன்றில் நல்ல வாய்ப்பு அதுதான் என்று முழு மனதோடு நம்புகிறேன்.

பயிற்சிக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். ஓரியன் இடுப்புப் பட்டையின் கிழக்கோர மீன் அல்நிடாக். அதை ஒட்டியே தீச்சுடர் நெபுலா இருக்கிறது. பிரகாசமான புள்ளியும் பக்கத்தில் மங்கலான முகிலும் என்ற அதே சிக்கல், ஒவ்வொரு வருடமும் மாதக்கணக்கில் வானில் தயாராகக் காத்திருக்கிறது. உங்கள் கருவியில் ஒளிவட்டம் எத்தனை மி.மீ., எந்த எக்ஸ்போஷரில் வெள்ளைப் பந்து முகிலைத் தொடுகிறது, பனி எத்தனை மணிக்குப் படிய ஆரம்பிக்கிறது என்று எல்லாவற்றையும் அங்கேயே அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். கார்த்திகை அந்த ஏப்ரல் மாலைகளில் மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். நன்றாக இருட்டியதிலிருந்து அது தாழ்ந்து போகும் வரை கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம்தான். நான் ஃபில்டரைத் திருப்பிப் போட்டதும், வெப்பப் பட்டை கட்டப் பழகியதும் அல்நிடாக்கின் முன்னால்தான். எடுத்த படங்களை அனுப்புங்கள், வட்டம் தெரிந்தால் அதன் பிக்சல் அளவையும் எஃப் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.